கூடுதலாக ஓர் அடி

பஃபலோ நூலகத்தின் கீழ்த்தளம்.
மடக்கு நாற்காலிகள் முப்பது, ஆட்கள் பதினொரு பேர்.
ஏரிப் பக்கமிருந்து வந்த பனி
சன்னலில் பாதிவரை ஏறிவிட்டது.
மூன்றாம் வரிசை ஓரத்தில் நான்.
பூட்சைக் கழற்றி ஹீட்டரடியில் வைத்திருக்கிறேன்.
இடது காலுறையில் ஓட்டை.
விளக்கை அணைத்துவிட்டார்கள், பரவாயில்லை.

திரையில் டெஸ்மண்ட் ப்ரூயிட் வருகிறான்.
சாம்பல் நிறக் கோட்டு, எலும்பெல்லாம் சிரிப்பு.
முப்பத்தெட்டு வருடமாக
அவனுக்கு அதே இருபத்தாறு வயது.
முதல் பாதி முழுக்க அவனே அவன்.
இடைவேளைக்குப் பிறகு
குதிகாலால் ஓர் உதை,
தரை பதில் சொல்கிறது.

அந்தப் பதில் என்னுடையது.

நடந்தது இதுதான்:
மேடைக்கடியில் ஒட்டிய மைக்குகளில்
இரண்டாம் பாதி முழுக்க
ஏசி இயந்திரத்தின் உறுமல்தான் பதிவாகியிருந்தது.
படம் உண்டு, கால் உண்டு, ஓசை இல்லை.
ப்ரூயிட் அதற்குள் மாண்ட்ரியாலில், வேறு ஒப்பந்தம்.
கோரஸ் வரிசையில் இடமிருந்து நான்காவதாக ஆடிய
என்னைக் கூப்பிட்டார்கள்.
மரச்சாமான் கிடங்கின் பின்னறை,
எட்டுக்கு நாலில் ஒரு மேப்பிள் பலகை,
பதினாலு அங்குல டிவி.
ஒலிப்பதிவாளன் காசிமிர் வொய்சிக்
சிகரெட்டைக் காப்பிக் கோப்பையில் அணைத்தபடி
"வெர்னா, அவன் கால் தரையைத் தொடும்போது
உன் காலும் தொடணும். அவ்வளவுதான்" என்றான்.

அவ்வளவுதானாம்.

நான்கு இரவுகள்.
காலைப் பார்த்தால் பிந்திவிடும்.
தோளைப் பார்த்துத்தான் பிடித்தேன்:
குதிகால் இறங்குமுன்
அவனுக்கு இடது தோள் ஒரு நூல் தாழும்.
அவன் சோம்பலையும் ஆடினேன்,
வலது கணுக்கால் சுளுக்கை மறைக்கிற
தந்திரத்தையும் ஆடினேன்.
என்னைவிட நாற்பது பவுண்டு கனமானவன்,
அந்தக் கனத்தை எங்கிருந்தோ கொண்டுவந்தேன்.
கட்டிக்கொண்டவனைக்கூட
அத்தனை கவனமாகப் பார்த்ததில்லை நான்.
எழுபது டாலர், ஒரு கோழி சாண்ட்விச்.
படத்தின் முடிவில் ஓடும் பெயர்களில்
காசிமிர் இருப்பான், ஓர் எழுத்துப் பிழையோடு.
நான் இருக்கமாட்டேன்.

அதற்காக இந்தப் பனியில் வரவில்லை.
படிக்கட்டுக் காட்சிக்காக வந்தேன்.

இதோ.
ஏழு படி.
இறங்குகிறான், பாதியில் மனம் மாறி ஏறுகிறான்,
மறுபடி சரசரவென்று இறங்கி
கைப்பிடியில் சாய்ந்து
தொப்பியைச் சரிசெய்ய ஒரு நொடி நிற்கிறான்.
இரண்டு காலும் சும்மா.
அந்த நொடியில்தான்
நான்காம் இரவு, விடிகாலை மூன்று மணிக்கு,
என் இடது பெருவிரல் என்னைக் கேட்காமல்
ஒரு தட்டுத் தட்டியது.
அரை மாத்திரை இருக்கும்.
பக்கத்து அறையில் யாரோ சாவியை வைத்ததுபோல.
காசிமிர் நிமிர்ந்தான்.
திரும்ப எடுக்கலாமா என்றேன்.
"டேப் தீரப்போகுது" என்றான்,
என் முகத்தைப் பார்க்காமல்.
பெட்டியில் இன்னும் மூன்று டேப் இருந்தது.

டக்.

ப்ரொஜெக்டர் விசிறியைத் தாண்டிக் கேட்டது.
நிற்கும்போதும் ப்ரூயிட்டின் கால்கள் பேசுகின்றன
என்று உள்ளூர்ப் பத்திரிகையில் ஒருவர் எழுதியிருந்தார்.
கத்தரித்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.
பிறகு அதன்மேல் தண்ணீர் வரி ரசீது,
அதன்மேல் பையனின் பல் டாக்டர் அட்டை.

இங்கே யாரும் அசையவில்லை.
பக்கத்து நாற்காலிக்காரர் மிட்டாய்த் தாளைப் பிரிக்கிறார்.
முன்வரிசைச் சிறுவன் ஒருவன் மட்டும்,
கையுறைகளை நூலில் கோத்துக் கழுத்தில் போட்டவன்,
அம்மாவை இடிக்கிறான்.
"அவர் காலை அசைக்கவே இல்லையே.
யார் தட்டினது?"
"உஷ். படத்தைப் பாரு."

அவன் படத்தைப் பார்க்கவில்லை.
நாற்காலி முதுகைப் பிடித்துத் திரும்பி,
திரை வெளிச்சம் விழுகிற மட்டும்,
வரிசை வரிசையாக
எங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டு வருகிறான்.

ஓட்டை வழியே பெருவிரல் வெளியே நிற்கிறது.
மடக்கிக்கொள்ளலாம்.
சிமெண்ட் தரை வேறு சில்லென்றிருக்கிறது.
மடக்கவில்லை.